பரமேசு அக்காவின் மேல்வரிசை

1

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, கோப்பி குடிப்பதற்காகத் தேவாலயத்தின் கீழ்மண்டபத்துக்கு இறங்கினேன். அறிவித்தல் பலகையில் புதுத் தாள் ஒன்று குத்தியிருந்தது. ‘வறிய நாடொன்றில் பணிசெய்ய எங்களுடன் வாருங்கள்.’ இந்த முறை ஆபிரிக்காவில் ஓர் ஊர். போன வருடம் அதே பலகையில், அதே எழுத்தில் தொங்கியது என்னுடைய ஊர்.

சரியாகச் சொன்னால், என் ஊருக்கு எதிரே இருக்கும் ஊர். நான் ஊர்காவற்துறையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். துறையடியில் நின்று மேற்கே பார்த்தால் அனலைதீவு தெரியும். பதினெட்டு வயது வரை அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன், ஒருநாள்கூடப் போனதில்லை. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை, போவதற்குக் காரணமும் இல்லை. கடைசியில் அங்கே என்னைக் கூட்டிப்போக நோர்வேக்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறிய பட்டினம். கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டரை மணிநேரம் கார் ஓட வேண்டும் என்பதால் ஞாயிறுகளில் உள்ளூர் லூத்தரன் சபைக்கே போய்ப் பழகிவிட்டேன். வேலை, பல் மருத்துவமனையின் நிலவறையில். மேலே மருத்துவர்கள் அச்செடுப்பார்கள், கீழே நான் செயற்கைப் பல் செய்வேன். நோயாளிகள் எனக்குச் சாந்து அச்சாகத்தான் வந்து சேருவார்கள். பெட்டியில் இலக்கம் ஒட்டியிருக்கும், பெயர் இருக்காது. மேலே போன பல் பொருந்தினால் ஒரு செய்தியும் வராது. பொருந்தாவிட்டால் அதே பெட்டி திரும்பி வரும். இருபத்துநான்கு வருடமாக நான் செய்த பற்களால் யார் சாப்பிட்டார்கள், யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

போன வருடத் தாளில் பனைமரமும் கடலும் இருந்தன. சட்டையில்லாத ஒரு சின்னப் பிள்ளையின் படமும் இருந்தது. அதன் கீழே, ‘உலகம் மறந்த ஒரு மூலை’ என்று எழுதியிருந்தார்கள். நான் போதகர் ஓலாவிடம் போய், “அது மூலையில்லை, நான் பிறந்த இடம். நான் இன்னும் மறக்கவில்லை” என்றேன். மனிதர் காது வரை சிவந்துபோனார். “அப்படியானால் நீங்கள் எங்களுடன் வரவேண்டும், ஜெசிந்தா” என்றார்.

கோபத்தில் போனவள் இப்படித்தான் அகப்பட்டுக்கொண்டேன்.

2

குழுவில் ஐந்து பேர். போதகர் ஓலா. நாற்பது வருடம் பல் பிடுங்கி ஓய்வுபெற்ற மருத்துவர் இங்கிரிட். ஒரு தாதி. நான். ஐந்தாவது, என் மகள் அனித்தா.

அனித்தாவுக்கு இருபது வயது. நான் தமிழில் கேட்டால் நோர்வேஜியனில் பதில் சொல்லும் பிள்ளை. தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் வராது. வராததைக் காட்டிக்கொள்ள விருப்பமில்லாமல் பன்னிரண்டு வயதில் கதைப்பதையே விட்டுவிட்டாள். அதற்காக நான் அழுதிருக்கிறேன், சண்டையும் பிடித்திருக்கிறேன். கடைசியில் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் பழகிக்கொண்டோம். பயணத்துக்கு வருகிறாயா என்று கேட்டபோது, “கடல் சூடாக இருக்குமா?” என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். வந்துவிட்டாள்.

கொழும்பு விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகளைத் திறந்த சுங்க அதிகாரி ஓர் இளம் சிங்களவர். ஒரு பெட்டியில் மெழுகு அட்டைகளில் வரிசை வரிசையாகப் பற்கள். ஒன்றை நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் சிங்களம் மிகக் கொஞ்சம், அவருடைய தமிழ் அதைவிடக் கொஞ்சம். இரண்டையும் கலந்து கதைத்தோம்.

“இது என்ன?”

“பல்லு.”

“யாருடையது?”

“இன்னும் ஒருத்தருடையதும் இல்லை.”

அவர் படிவத்தைப் பார்த்தார். ‘சொந்தப் பாவனைக்கா?’ என்று ஒரு கேள்வி அதில் இருந்தது. பற்களைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். சிரிப்பு அவரை மீறி வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். பற்கள் போகலாம் என்று முடிவாயிற்று. ஆனால் பல் பதித்த பிசின் இறுகப் பல்வரிசையை வெந்நீரில் அவிக்கும் மின்சாரத் தொட்டிக்கு அமைச்சிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அதை நாங்கள் எடுக்கத் தவறியிருந்தோம். பிழை எங்களுடையதுதான். தொட்டி அங்கேயே நின்றது.

“தொட்டி இல்லாமல் என்ன செய்வாய்?” என்று இங்கிரிட் கேட்டார்.

“தண்ணீர் சூடாக்கத் தெரியாத நாடில்லை இது” என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான்.

3

ஊர்காவற்துறையிலிருந்து படகு புறப்பட்டபோது நான் பிறந்த கரை எனக்குப் பின்னால் போனது. அந்தக் கரையை நான் கடலிலிருந்து பார்த்ததே இல்லை. அழத்தான் போகிறேன் என்று நினைத்தேன். அதற்குள் ஓலாவுக்கு வாந்தி வந்துவிட்டது. மீன்பிடிக்காரரின் மகன் அவர். எல்லோருக்கும் சிரிப்பு, அவருக்கும் சேர்த்து.

சனசமூக நிலையத்தின் மண்டபத்தை எங்களுக்கு ஒழுங்குபண்ணித் தந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே வாசலில் வரிசை. இங்கிரிட் பிடுங்க, தாதி பஞ்சு வைக்க, நான் மொழிபெயர்க்க, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அனித்தாவின் வேலை ஆட்களைக் கதிரையில் இருத்தி வாயைத் திறக்கச் சொல்வது. அதற்கு வேண்டிய தமிழ் ஒரே ஒரு வசனம்தான். அவள் அதை நன்றாகவே சொன்னாள்.

“வாயைத் திற!”

எழுபது வயது ஐயா ஒருவர் திடுக்கிட்டு எழும்பிவிட்டார். நான் ஓடிப்போய், “திறவுங்கோ எண்டு சொல்லு!” என்றேன். நோர்வேயில் அரசனைத் தவிர எல்லோரும் ‘நீ’தான் என்று நான் அந்த ஐயாவுக்கு விளங்கப்படுத்த, அவர் அனித்தாவைப் பார்த்து, “பரவாயில்லை பிள்ளை, இப்பிடி வெருட்டினாத்தான் நானும் திறப்பன்” என்றார். மத்தியானம் வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டு படுத்திருந்த நாயிடம், “திறவுங்கோ, திறவுங்கோ” என்று அவள் மரியாதையாகச் சொல்வதைக் கேட்டேன்.

பரமேசு அக்கா அன்று பின்னேரம் வந்தா. ஐம்பத்தெட்டு வயது, உயர்ந்த நெற்றி, சேலைத் தலைப்பு வாயை விட்டு விலகவே இல்லை. தலைப்புக்குள் இருந்தபடியே கதைத்தா.

“தங்கச்சி, எனக்குப் பல்லு முரசு கரைஞ்சு மேலை பல்லு ஒண்டும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ளை கட்டித் தருவியளோ?”

“ஏன் அக்கா, வெள்ளிக்கிழமை என்ன?”

“கோயில்லை திருவூஞ்சல்.”

சுவாமியை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது பாடும் பாட்டை அந்தக் கோயிலில் இருபது வருடம் பாடியவ அவ. பல் விழத் தொடங்கியதும் சொற்கள் காற்றாகப் போயின. பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு திருவிழாவில் பாதிப் பாட்டில் நிறுத்தினவ, பிறகு பாடவேயில்லை. இப்போது ஒலிநாடா போடுகிறார்களாம்.

நான் அதை இங்கிரிட்டுக்குச் சொன்னேன். ஒரு மேல்வரிசையை முறையாகச் செய்ய நோர்வேயில் ஐந்து கிழமை எடுப்போம். எங்களிடம் இருந்தது ஐந்து நாள். இங்கிரிட் அச்சுமாவைக் குழைக்கத் தொடங்கிவிட்டார்.

4

செவ்வாய்க்கிழமை வாசலில் ஒருவரும் இல்லை.

எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. ஒரு கோழி மட்டும் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ஒன்பதரைக்கு வெள்ளை வேட்டியோடு ஒருவர் வந்தார். பரமேசு அக்காவின் கணவர் சிவஞானம். முன்பு மாத்தறையில் தேநீர்க்கடை வைத்திருந்தவர், இப்போது கோயில் காரியங்களைப் பார்ப்பவர். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“நீங்கள் ஊர்காத்துறைப் பிள்ளையாம். அதாலை உங்களிட்டையே கேக்கிறன். பல்லுக் கட்டினா வேதத்துக்கு வரவேணுமோ?”

“அப்பிடி ஆர் அண்ணை சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. நேற்றுக் காலமை வாசல்லை கை கோத்து நிண்டு செபம் செய்ததை ஊர் முழுக்கப் பாத்தது. வேதக்காரற்றை பல்லை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு எங்கடை கோயில்லை பாடுறதோ? நாளைக்கு நாலு பேர் என்ன கதைப்பினம்?”

ஓலா என்னிடம், “என்ன சொல்கிறார்?” என்று கேட்டார். நான் மெல்ல, “ஒரு சின்னச் சந்தேகம்” என்று தொடங்கினேன். அதற்குள் அனித்தா குறுக்கிட்டு, வாய்க்குள் பல் வைத்தால் கிறிஸ்தவராக மாற வேண்டுமா என்று கேட்கிறார், நேற்றுக் காலை நாங்கள் ஜெபித்ததை ஊரே பார்த்ததாம், எங்கள் பல்லோடு தன் மனைவி கோயிலில் எப்படிப் பாடுவது என்கிறார் என்று நோர்வேஜியனில் ஒரு சொல் குறையாமல் சொல்லிவிட்டாள். எட்டு வருடம் வாய் திறக்காத பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

 ஓலா இருந்த வாங்கின் கீழே ஒரு பெட்டி இருந்தது. அதில் தமிழில் அச்சிட்ட சுவிசேஷத் தாள்கள் இருந்தன. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பணியென்று புறப்பட்டபோது எங்கள் சபை எதிர்பார்த்தது பல் மட்டுமல்ல. அவர் காலால் அந்தப் பெட்டியைச் சுவர் வரை உள்ளே தள்ளினார். அது கடைசி நாள் வரை அங்கேயே கிடந்தது.

“அவரிடம் சொல்லுங்கள்” என்றார். “காலையில் நாங்கள் ஜெபிப்பது எங்கள் கை நடுங்கக்கூடாது என்று. பல்லுக்குப் பதிலாக ஒருவரிடமும் ஒன்றும் கேட்கமாட்டோம். அந்த அம்மா பாடுவது எங்கள் கடவுளுக்குக் கோபமூட்டும் என்று நான் நினைக்கவில்லை.”

நான் சொன்னேன். சிவஞானம் அண்ணை அசையவில்லை. அப்போது வாசலில் குரல் கேட்டது. பரமேசு அக்கா.

“இஞ்சருங்கோ, ஆறு வருசமா நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறன். ஒரு கலியாண வீட்டிலை இருந்து சாப்பிட்டிருக்கிறனே? உங்களுக்குப் பல்லிருக்கு, நீங்கள் நிண்டு ஞாயம் கதைப்பியள். எனக்கு இந்தப் பல்லைத் தாறது வேதமோ சைவமோ எண்டு பிள்ளையார் கேக்கமாட்டார். நான் ஏன் பாடேல்லை எண்டுதான் கேப்பார்.”

தலைப்பு விலகியிருந்தது. அவ அதைக் கவனிக்கவில்லை. சிவஞானம் அண்ணை கவனித்தார். வெளியே போய்விட்டார். அக்கா கதிரையில் வந்து இருந்து, “பிள்ளை, திற எண்டு சொல்லும்” என்றா அனித்தாவிடம்.

பத்தரைக்கு வரிசை மறுபடி தொடங்கியது.

5

பல் அவிக்கப்படுமுன் மெழுகில் நிறுத்தி ஒத்திகை பார்க்க வேண்டும். நோர்வேயில் மருத்துவர்கள் அறுபத்தாறு என்று சொல்லச் சொல்வார்கள். அந்த மொழியில் அந்தச் சொல் முழுக்க ‘ஸ்’ ஓசை. முன்பல் இடம் மாறி நின்றால் சீட்டியடிக்கும். நான் நிலவறையில் இருப்பவள், அந்த ஒத்திகையைப் பார்த்ததே இல்லை. புதன்கிழமை அக்காவின் முன்னால் நின்றபோது என்ன சொல்லச் சொல்வதென்று தெரியவில்லை. தமிழருக்குப் பல் செய்ய எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

யோசிக்காமல், “அறுபத்தாறு எண்டு சொல்லுங்கோ அக்கா” என்றேன்.

சொன்னா. ‘று’ நன்றாக உருண்டது. ‘த்தா’ தடித்து விழுந்தது. நாக்கு நுனி பல்லின் பின்பக்கத்தில் போய்ப் படவேண்டிய எழுத்து அது. நான் நோர்வேக்காரரின் நாக்குக்குப் பல்லை நிறுத்தியிருந்தேன். மெழுகைச் சூடாக்கி, முன்பல் இரண்டையும் மயிரிழை அளவு உள்ளே தள்ளினேன்.

“அறுபத்தாறு.”

இன்னும் கொஞ்சம்.

“அறுபத்தாறு!”

சுத்தமான ‘த்தா’. என் காது அதை எந்தக் கருவியையும் விடத் துல்லியமாகப் பிடித்தது. ஆட்களைப் பார்க்காமல் பல் செய்த அத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லை. அனித்தா பக்கத்தில் நின்று தானும் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய ‘று’ வழுக்கியது, ‘த்தா’ எங்கோ அண்ணத்தில் முட்டியது. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தா.

“தங்கச்சி, இந்தப் பிள்ளைக்கும் ஒரு வரிசை கட்டிவிடுங்கோ.”

அக்கா தானே சிரித்ததில் மெழுகுப் பல் கழன்று மடியில் விழுந்தது. அனித்தா சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டாள். தன் தமிழைப் பார்த்து யாராவது சிரித்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை. எழும்பி மறுபடி சொன்னாள். அன்று பின்னேரம் வரை மண்டபத்துக்குள் இரண்டு பேர் மாறி மாறி அறுபத்தாறு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமைதான் எனக்குப் பயமான நாள். அக்காவோடு சேர்த்து ஏழு பேரின் பற்கள் ஏழு பித்தளை அச்சுப் பெட்டிகளுக்குள் பூட்டியிருந்தன. எழுபது பாகைக்குக் கொஞ்சம் மேலே, ஏறாமல் இறங்காமல், எட்டு மணிநேரம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கொதித்துவிட்டால் உள்ளே குமிழி விழுந்து ஏழும் பாழ். நிலையத்துக் குசினியில் இருந்தது ஓர் அடுப்பும் விறகும். பாத்திரம் எல்லாம் சின்னது.

காலை ஆறு மணிக்குச் சிவஞானம் அண்ணை வந்தார். தோளில் ஒரு பெரிய அலுமினியப் பானை. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு.

“பெரிய பாத்திரம் இல்லையெண்டு அவ சொன்னவ. இது மாத்தறைக் கடைப் பானை. பதினெட்டு வருசம் இதிலைதான் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைச்சனான். என்ன சூடு வேணும்?”

சொன்னேன். வெப்பமானியைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“தண்ணி கொதிக்க முன்னம் ஒரு முணுமுணுப்புப் போடும். அதுக்கும் முன்னம் ஒரு மாதிரிப் பேசாமல் இருக்கும். உங்களுக்கு வேண்டினது அந்த இடம்.”

கதிரையைப் போட்டு அடுப்படியில் இருந்தார். ஒரு விறகை இழுப்பார், ஒன்றைத் தள்ளுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார். அரைமணிக்கு ஒருதரம் நான் வெப்பமானியை விட்டுப் பார்ப்பேன். எழுபத்திரண்டு. எழுபத்துமூன்று. எழுபத்திரண்டு. எங்கள் மின்சாரத் தொட்டிகூட இதைவிட அதிகம் தடுமாறும். மத்தியானம் இங்கிரிட் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டுக்கொண்டு இருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. அவர் விறகை இழுக்க, இவர் தலையாட்ட, இரண்டு மணிநேரம் அப்படியே போயிற்று.

“அண்ணை, நேற்றுமுந்தநாள் கோவிச்சுக்கொண்டு போனீங்கள்” என்றேன்.

“கோவமில்லைப் பிள்ளை.” அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். “அவ பாட்டை விட்டாப்பிறகு வீட்டிலையும் பெரிசாக் கதைக்கிறேல்லை. நான் அவவுக்குப் பேச்சுக் குறைஞ்சிட்டுது எண்டு நினைச்சன். பல்லெண்டு நினைக்கேல்லை.”

6

ஊரிலிருந்து திரும்பிய பிறகு நிலவறையில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பெட்டியில் இலக்கம் மட்டும் வந்தால் மேலே ஏறிப்போய், ஆள் இருக்கிறாரா என்று கேட்கிறேன். இருந்தால் கைகுலுக்கி, என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்கிறேன். முதலில் மருத்துவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். இப்போது அவர்களே கூப்பிடுகிறார்கள். அனித்தா கடைக்குப் போனால் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறாள், எழுத்துப்பிழையோடு. ‘பால் முடிச்சு போச்சா’ என்று கேட்டிருந்தாள் முந்தநாள். நான் திருத்தவில்லை. பால் வாங்கிவா என்று எழுதினேன்.

7

அனலைதீவில் அந்த வெள்ளிக்கிழமை காலை பெட்டிகளைத் திறந்தபோது ஏழு வரிசையும் குமிழி இல்லாமல் வந்தன. தேய்த்து மினுக்கி, அக்காவின் வாயில் வைத்தேன். கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அவ நெடுநேரம் பார்த்தா. பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, “என்ன பேர் எண்டனீர்?” என்று கேட்டா. ஐந்து நாளும் என்னைத் தங்கச்சி என்றே கூப்பிட்டவ.

“ஜெசிந்தா.”

“ஜெசிந்தா” என்றா, ‘ந்தா’ ஒரு குறையும் இல்லாமல்.

பின்னேரம் எங்களையும் வரச்சொல்லிச் சிவஞானம் அண்ணையே ஆள் அனுப்பினார். பிள்ளையார் கோயில் வாசலில் ஓலா சப்பாத்தைக் கழற்றி, சட்டையையும் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். கழற்ற வேண்டும் என்றார்கள். வெள்ளை முதுகோடு அவர் ஆண்கள் பக்கத்தில் போய்க் கைகட்டி நின்றார். நானும் அனித்தாவும் இங்கிரிட்டும் தாதியும் பெண்கள் பக்கம். எங்கள் வீட்டில் ஒருவரும் செய்யாத காரியம். எனக்கு அது பிழையாகப் படவில்லை. என் கடவுளிடம் மனதுக்குள் ஒரு சொல் சொல்லிக்கொண்டேன், அக்காவின் மேல்வரிசை கழன்று விழக்கூடாதென்று.

ஊஞ்சல் பூவால் நிறைந்திருந்தது. ஒலிநாடாப் பெட்டியை ஒருவர் எடுத்து ஓரமாக வைத்தார். பரமேசு அக்கா முன்னால் வந்து நின்றா.

முதல் அடியில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் ஒரு ‘ச’ சீட்டியடித்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே அவ நாக்கால் பல்லை மேலே ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தா. மூன்றாவது பாட்டில் குரல் ஏறியது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி, கூடத்தின் கடைசி வரை போய்ச் சேர்ந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். இங்கிரிட் என் கையைப் பிடித்து, “அது நம்முடைய பல்” என்றார். அனித்தா, “ச்சூ!” என்று எங்களை அடக்கினாள்.

பூசை முடிந்து எல்லோரும் வெளிவாசலில் நின்று கடலையும் பஞ்சாமிர்தமும் வாங்கும்போது சிவஞானம் அண்ணை என்னைத் தேடி வந்தார். கண் சிவந்திருந்தது. அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, நாளைக்கு விடிய எல்லே போறியள். ஒருக்கா இதைப் பாக்கேலுமே? எனக்கும் கீழ்வரிசையிலை ரண்டு ஆடுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

வாயைத் திறந்தார். வேட்டியோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, கோயில் வாசலிலேயே. ஓலா ஓடிவந்து கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க, இங்கிரிட் குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார். பஞ்சாமிர்தத் தட்டோடு பின்னால் வந்து நின்ற பரமேசு அக்கா எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னா:

“ஆடாமல் என்ன செய்யும்? ஊஞ்சல் பாட்டை ஆறு வருசத்துக்குப் பிறகு கேட்டதெல்லே!”